"உங்கள் நிறுவனம்" என்றால் யார்?

பொதுக்கூட்டம் முடிந்து, மேடை விளக்கும் அணைந்து, ஒலிபெருக்கிக்காரர் கம்பியைச் சுருட்டிக்கொண்டிருந்த வேளை. தேநீர்க்கடை வாசலில் நின்றிருந்தேன். முன்வரிசையில் அமர்ந்து கைதட்டிய இளந்தோழர் ஒருவர் அருகே வந்தார். பெரிய அலுவலகம் ஒன்றில் எழுத்தர் வேலை. அவர் பெயர் வேண்டாம். அலுவலகத்தின் பெயரும் வேண்டாம். வெளியிட்டால் வயிற்றில் அடி விழுவது அவருக்குத்தானே, எனக்கல்லவே!

"அண்ணே, ஒரு சந்தேகம்."

"சொல்லு தம்பி."

"என் மேசையிலே இருக்கிற கம்ப்யூட்டர் எனக்கு அடங்க மாட்டேங்குதுண்ணே. அஞ்சு நிமிஷம் கையெடுத்தா பூட்டிக்குது. மாசம் ஒரு தரம் பாஸ்வேர்டை மாத்துங்குது. பென் டிரைவைச் சொருகினா அனுமதி இல்லைங்குது. போன வாரம், வரிசையிலே ஜனம் நிக்குது, நான் விண்ணப்பத்தைப் பதிஞ்சுக்கிட்டிருக்கேன், தானா அணைஞ்சு தானா எழுந்துச்சு, பதிஞ்சதெல்லாம் போச்சு! ஏன்னு பார்க்க செட்டிங்ஸைத் திறந்தா, இதை உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறதுன்னு ஒரு வரி. நானும் அந்த நிறுவனத்திலேதானே இருக்கேன்? எனக்கே தெரியாம நிர்வகிக்கிற அந்த நிறுவனம் யாருண்ணே?"

ஒரு மணி நேரம் மேடையில் முழங்கியவன் நான். மாலை விழுந்தது, துண்டு விழுந்தது, கைதட்டல் விழுந்தது. அந்த ஒரு கேள்விக்கு மட்டும் என்னிடம் விடை இல்லை! ஆறிப்போன தேநீரைக் குடித்துவிட்டு, "விசாரித்துச் சொல்கிறேன், தம்பி" என்று வந்துவிட்டேன். விசாரித்தேன். அறிந்ததை உங்கள் முன் வைக்கிறேன். அலுவலகத்திலும் ஆலையிலும் பண்டகசாலையிலும் கணினிமுன் அமர்ந்து மாதச் சம்பளம் வாங்கும் தோழர்கள் நம்மிடையே ஆயிரம் ஆயிரம் பேர் உண்டல்லவா?

தம்பி முதலில் நினைத்தது என்ன தெரியுமோ? பிரிவு அதிகாரிக்குத் தன்மேல் காழ்ப்பு, அதனால்தான் தன் பெட்டியை மட்டும் இப்படிக் கட்டிவைத்திருக்கிறார் என்று! பாவம், அந்த அதிகாரி! அவர் மேசைப் பெட்டியும் அதே கயிற்றில்தான் கட்டுண்டு கிடக்கிறது. கயிற்றின் நுனி வேறொரு கையில்.

அந்தக் கயிற்றின் பெயர் குரூப் பாலிசி. மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2000ஆம் ஆண்டு பிப்ரவரியில் விண்டோஸ் 2000 என்ற மென்பொருளை வெளியிட்டபோது, ஆக்டிவ் டைரக்டரி என்ற பெரும் பதிவேட்டோடு சேர்த்து இதையும் கொடுத்தது. அலுவலகத்தின் ஊழியர் அத்தனை பேரும், கணினி அத்தனையும் அந்தப் பதிவேட்டில் அடக்கம். அதிலே அமர்ந்திருப்பவர் ஓர் ஆணை எழுதினால் போதும். காலையில் பெட்டியைத் திறக்கும்போது அது ஆணையைக் கேட்டு வாங்கும்; நீங்கள் பெயர் சொல்லி உள்ளே நுழையும்போது மறுபடி கேட்டு வாங்கும்; அதன்பின் 90 நிமிடம் முதல் 120 நிமிடத்துக்குள் ஒருமுறை, "புதிதாக ஏதேனும் உத்தரவு உண்டா, ஐயா?" என்று தானே போய்க் கேட்டுக்கொண்டிருக்கும். எல்லாப் பெட்டிகளும் ஒரே நொடியில் வாசலில் மொய்த்துவிடக்கூடாதே என்றுதான் அந்த முப்பது நிமிடத் தளர்வு. ஜமீன்தார் வீட்டு ஏவலாளுக்குக்கூட இத்தனை பணிவு இருந்ததில்லை!

திரைக்குப் பின்னே எந்தப் படம் தெரியவேண்டும் என்பதிலிருந்து, எந்த மென்பொருள் ஓடலாம், எத்தனை நிமிடத்தில் திரை பூட்டிக்கொள்ள வேண்டும், எந்நேரத்தில் பெட்டி தானே அணைந்து எழ வேண்டும் என்பது வரை ஆயிரக்கணக்கான ஆணைகள் அந்த ஏட்டில் உண்டு. ஐம்பது பேர் உள்ள அலுவலகமானாலும், ஐம்பதாயிரம் பேர் உள்ள வங்கியானாலும் எழுதுகிற கை ஒன்றுதான்.

"அக்கிரமம்! அறுத்தெறிவோம் கயிற்றை!" என்று துடிக்கும் தோழர்களே, பொறுங்கள். ஆத்திரம் அழகாகத்தான் இருக்கும். ஆனால் அறிந்தபின் வரட்டும் ஆத்திரம்.

2017ஆம் ஆண்டு மே 12, வெள்ளிக்கிழமை. இங்கிலாந்து நாட்டிலே ஏழைக்கும் செல்வருக்கும் காசு கேளாமல் மருத்துவம் தரும் அரசு மருத்துவப் பணி ஒன்று உண்டு, என்.எச்.எஸ். என்பார்கள். அன்று அங்கே மருத்துவமனைக் கணினிகளில் சிவப்புத் திரை எழுந்தது. "கோப்புகளைப் பூட்டிவிட்டோம், பணம் வை, திறக்கிறோம்" என்றது. வான்னாகிரை என்பது அந்தக் கொள்ளையின் பெயர். 150 நாடுகளில் 2 லட்சத்துக்கு மேற்பட்ட கணினிகளைப் பிடித்த பூதம் அது. இங்கிலாந்தில் 236 மருத்துவமனை நிர்வாகங்களில் 80க்குக் குறையாதவை அடிபட்டன. ஐந்து வட்டாரங்களில் அவசர சிகிச்சைக்கு வந்த நோயாளிகளை வேறு ஊருக்குத் திருப்பி அனுப்பினார்கள். 19,000க்கு மேற்பட்ட சிகிச்சை நேரங்கள் பறிபோயின என்பது மதிப்பீடு. கட்டில் தேடி வந்தவன் கதவடியிலே நின்றான், தோழர்களே!

இதிலே கொடுமை எது தெரியுமோ? அந்த ஓட்டையை அடைக்கும் மருந்தை மைக்ரோசாஃப்ட் அவ்வாண்டு மார்ச் 14ஆம் நாளே கொடுத்துவிட்டது. ஏறத்தாழ இரண்டு மாத அவகாசம்! மார்ச்சிலும் ஏப்ரலிலும் எச்சரிக்கைச் சுற்றறிக்கையும் போயிருக்கிறது. சுற்றறிக்கை போயிற்று, மருந்து போய்ச் சேர்ந்ததா என்று பார்க்கும் முறை மட்டும் மேலிடத்தில் இல்லை. நம்மூர் அலுவலகங்களில் சுற்றறிக்கைக்கு நேரும் கதி உங்களுக்குத் தெரியாததா? கையெழுத்துப் போட்டுக் கோப்பிலே குத்திவிட்டால் கடமை தீர்ந்தது!

அவரவர் பெட்டி அவரவர் பொறுப்பு என்று விட்டால் நேர்வது அது. ஒருவன் பூட்டாத கதவு ஊர் முழுவதற்கும் திறந்த கதவு. ஆகவே ஓரிடத்திலிருந்து மருந்தை அனுப்பி, எல்லாப் பெட்டியும் விழுங்கியதா என்று பார்க்கும் ஏற்பாடு வேண்டும். தம்பி, பென் டிரைவைத் தடுத்தார்களே, அதிலே நான் உன் பக்கம் இல்லை. கல்யாண வீட்டுப் படம் ஏற்றிய அதே குச்சியை அரசாங்கப் பதிவேடு உள்ள பெட்டியில் சொருகுவது, தெருச் செருப்போடு அறுவைச் சிகிச்சை அறையில் நுழைவது போல. முகத்துக்கு நேரே சொல்லிவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே.

மையத்திலே ஒரு கை வேண்டும். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தக் கை தவறே செய்யாத கையா? அதைத் தட்டிக் கேட்க ஆள் வேண்டாமா?

மாதம் ஒருமுறை கடவுச்சொல்லை மாற்று என்கிறதே பெட்டி, அந்தக் கதையைக் கேளுங்கள். 2004இல் அமெரிக்க அரசின் தர நிறுவனமான நிஸ்ட் ஒரு வழிகாட்டி நூலை வெளியிட்டது. அதன் பின்னிணைப்பை எழுதியவர் பில் பர் என்ற அதிகாரி. பெரிய எழுத்து, சின்ன எழுத்து, எண், குறி எல்லாம் கலந்து வை, அடிக்கடி மாற்று. இந்த உபதேசம் உலகம் முழுதும் வேதமாயிற்று! எழுதியவர் மனிதர், எழுதியது ஆலோசனை. ஆனால் படித்தவர்கள் பஞ்சாங்கம் போலப் பிடித்துக்கொண்டார்கள். அலுவலகந்தோறும் மையத்திலிருந்து ஆணை பறந்தது. 30 நாள், 60 நாள், 90 நாள். நாள் முடிந்தால் பழைய சொல் செல்லாது.

மேசையில் இருந்தவன் என்ன செய்தான்? தம்பியைக் கேட்டேன். சிரித்துக்கொண்டே சொன்னார்: "பாப்பா பேரை வச்சிருக்கேண்ணே. பூங்கொடி ஒண்ணு, பூங்கொடி ரெண்டு… இப்ப பூங்கொடி பதினேழிலே இருக்கேன்." பக்கத்து மேசை அம்மையார் அதற்கும் முடியாமல் சீட்டில் எழுதி விசைப்பலகைக்கு அடியில் வைத்திருக்கிறாராம். திருடனுக்குத் தேடும் வேலைகூட மிச்சம்!

இந்த விதி பாதுகாப்பைக் கூட்டவில்லை, குறைக்கிறது என்பதை அன்றாடம் அறிந்தவன் எவன்? மேதையா? நிபுணரா? மேசையில் இருந்த எழுத்தன்! ஆனால் அவனை எவரும் கேட்கவில்லை. கேட்காமலே ஆண்டுகள் பதின்மூன்று ஓடின. 2017இல் நிஸ்ட் தன் நூலைத் திருத்தி எழுதியது. காலம் குறித்து மாற்றச் சொல்லாதே, களவு போனதற்கு அடையாளம் தெரிந்தால் மாற்றச் சொல், நீளமாக வைக்க விடு என்றது. பில் பர் அதே ஆண்டு, தாம் எழுதியவற்றில் பெரும்பகுதிக்கு வருந்துவதாகப் பத்திரிகையாளரிடம் வெளிப்படையாகச் சொன்னார். அந்த முதியவரை நான் மதிக்கிறேன். ஆணையிட்டவர்களில் எத்தனை பேர் இப்படித் தவறை ஒப்புக்கொள்வார்கள்? 2019இல் மைக்ரோசாஃப்டும் தன் பாதுகாப்புப் பரிந்துரைப் பட்டியலிலிருந்து அந்தக் காலாவதி விதியை எடுத்துவிட்டது.

எழுதியவர் வருந்திவிட்டார், வெளியிட்டவர் மாற்றிவிட்டார், விற்றவரும் விட்டுவிட்டார். தம்பியின் அலுவலகத்தில் மட்டும் இன்னும் மாதம் ஒருமுறை பூங்கொடிக்கு வயது ஏறிக்கொண்டிருக்கிறது!

இந்த இடத்தில் ஒரு நுட்பத்தைச் சொல்ல வேண்டும். எனக்கே வியப்பாக இருந்தது. குரூப் பாலிசியில் ஆணைகள் ஒரு வரிசையில் இறங்குகின்றன. முதலில் பெட்டியின் சொந்த விதி. அடுத்து அது இருக்கும் இடத்தின் விதி. அடுத்து டொமைன் என்ற தலைமையின் விதி. கடைசியில் அந்தப் பிரிவின் விதி. ஒன்றோடொன்று முரண்பட்டால் எது வெல்லும்? கடைசியில் வந்தது, அதாவது மேசைக்கு அருகில் இருக்கும் பிரிவின் விதி வெல்லும்! ஆம், தோழர்களே, இந்த ஏற்பாட்டை ஆக்கியவர்களே, பதிவுக்கூடத்தின் தேவை வேறு, கணக்குப் பிரிவின் தேவை வேறு என்று அறிந்து, பிரிவின் சொல்லுக்கு மதிப்பு வைத்தே ஆக்கியிருக்கிறார்கள். தலைமை தன் ஆணைமீது "கட்டாயம்" என்று முத்திரை குத்தினால்தான் பிரிவின் சொல் தோற்கும்.

விலக்கு ஒன்று உண்டு. அதுதான் கடவுச்சொல்! பிரிவு எதை எழுதினாலும் தலைமைப் பதிவேட்டுக் கணக்குகளுக்கு டொமைனில் எழுதியதே சட்டம் என்று வைத்திருந்தார்கள். குழுவுக்குக் குழு வேறு விதி வைக்கும் வழி விண்டோஸ் சர்வர் 2008இல்தான் பிறந்தது. ஆகவே இன்று வழி இல்லை என்று எவரும் சொல்ல முடியாது. வழி இருக்கிறது, கேட்பாரில்லை.

பூட்டுக்குப் பொறுப்பாளர்களே சாவியைத் தெருவில் வைத்த கதையும் உண்டு, போகிற போக்கில் சொல்லிவிடுகிறேன். நிர்வாகிகள் இதே ஆணைகளுக்குள் கடவுச்சொல்லையும் பொதிந்து அனுப்ப வழி வைத்திருந்தார்கள். அதைப் பூட்டிய மறைசாவியை மைக்ரோசாஃப்டே தன் ஆவணத்தில் அச்சிட்டிருந்தது! அலுவலகத்தின் எந்த ஊழியரும் அந்த ஆணைக் கோப்பைப் படிக்கலாம், சாவியோ ஊரறிந்தது. 2014 மே மாதத்தில்தான் அந்த வழியை அடைத்தார்கள். அப்போதும், முன்பே எழுதிவைத்த கோப்புகளை அந்தத் திருத்தம் அழிக்கவில்லை. அவரவர் தேடி அழிக்க வேண்டியதாயிற்று. எழுத்தன் சீட்டில் எழுதி வைத்ததை மட்டும் ஏளனம் செய்யாதீர்கள்!

ஒரே கையின் பிழை எத்தனை பெரிதாகும் என்பதற்கு அண்மையில் கண்ட காட்சி ஒன்று போதும். 2024 ஜூலை 19. நம் நேரப்படி காலை 9.39. கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் தன் மென்பொருளுக்கு ஒரு சிறு கோப்பை அனுப்பியது. இது குரூப் பாலிசி அன்று. ஆனால் ஓரிடத்திலிருந்து ஊரெல்லாம் பாயும் அதே ஏற்பாடு. கோப்பில் பிழை. நீலத்திரை காட்டி விழுந்தன கணினிகள், ஒன்றல்ல, நூறல்ல, 85 லட்சம்! 78 நிமிடத்தில் பிழையான கோப்பைத் திரும்பப் பெற்றார்கள். பெற்றென்ன? விழுந்த பெட்டி விழுந்ததுதான். உலகெங்கும் விமானங்கள் நின்றன. நம் நாட்டு விமான நிலையங்களில் விமானம் ஏறும் அனுமதிச் சீட்டைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். பேனா பிழைத்தது, தோழர்களே, பேனா!

இரண்டு செய்திகளை அந்த நாளிலிருந்து குறித்துக்கொள்ளுங்கள். ஒன்று: புதிய பதிப்பு வேண்டாம், ஒரு படி பழையதிலேயே இருக்கிறோம் என்று எச்சரிக்கையாக இருந்த அலுவலகங்களும் விழுந்தன. அவர்கள் போட்டுவைத்திருந்த அந்த விதி, இந்த வகைக் கோப்புக்குச் செல்லவில்லை. உங்கள் வீட்டுக் கதவுக்கு உங்களிடம் ஒரு தாழ்ப்பாள். அவர்கள் வருவதற்கு வேறு வாசல்! அடிபட்டபின்தான், படிப்படியாக அனுப்புகிறோம், எப்போது ஏற்பது என்பதை உங்களிடம் விடுகிறோம் என்றார்கள்.

மற்றொன்று: ஓரிடத்திலிருந்து நொடியில் பரவிய பிழையை ஓரிடத்திலிருந்து நொடியில் திருத்த முடியவில்லை. பல பெட்டிகளுக்கு ஆள் நேரே போக வேண்டியிருந்தது. பெட்டியைப் பாதுகாப்பு முறையில் எழுப்பி, அந்தக் கோப்பைத் தேடி அழித்து, வட்டு பூட்டியிருந்தால் நீண்ட எண்ணைத் தட்டி, அடுத்த மேசை, அடுத்த மாடி, அடுத்த கட்டடம். நடந்தவர் யார்? மாதச் சம்பளத் தொழில்நுட்பத் தோழர்கள்! ஆகவே, மையத்து அறையில் இருக்கும் அந்தத் தோழரை நோக்கி நம் கோபம் பாயக்கூடாது. அவருக்கும் மேலே ஒருவர் "இன்றே அனுப்பு" என்கிறார். விழுந்தால் "நீதானே அனுப்பினாய்" என்கிறார். அவரும் நம்மவர்.

கொள்ளையனும் இந்த நாற்காலியின் அருமையை அறிந்தவன். லாக்பிட் என்ற கொள்ளைக் கூட்டத்தின் மென்பொருளின் இரண்டாம் பதிப்பு 2021இல் வந்தபோது, தலைமைப் பதிவேட்டைக் கைப்பற்றியதும் தானே புதிய குரூப் பாலிசிகளை எழுதிப் பாதுகாப்பை அணைத்து, எல்லாப் பெட்டிக்கும் தன்னைப் பரப்பிக்கொள்ளும்படி செய்திருந்தார்கள். பெட்டிகள் பணிந்தன. கேள்வி கேட்கப் பழக்காத ஏவலாள், நாற்காலியில் அமர்ந்தவன் எசமானனா திருடனா என்று பார்ப்பானா?

கயிற்றை அறுக்கச் சொல்லவில்லை நான். கயிறு கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்கிறேன். எந்த ஆணை, யார் இட்டது, எதற்காக, எந்நாள் முதல் என்று மேசையில் இருப்பவனுக்குத் தெரிய வேண்டும். முதலில் பத்துப் பெட்டியில் வெள்ளோட்டம் விடட்டும். அந்தப் பத்தில் உயர் அதிகாரியின் பெட்டியும் இருக்கட்டும்! தேர் ஓட்டுமுன் தெருவைப் பார்ப்பதில்லையா? பெட்டி அணைந்து எழும் நேரத்தை, வரிசையில் மக்கள் நிற்கும் பதினொரு மணிக்கு வைப்பானேன்? இரவு இல்லையா?

தொழில்நுட்பத் தோழர் ஒரு வழியும் சொல்லிக் கொடுத்தார். கருப்புத் திரையான கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து, "ஜிபிரிசல்ட்" என்று ஆங்கிலத்தில் தட்டி, ஓர் இடம் விட்டு, சாய்கோடும் ஆர் எழுத்தும் இட்டால், தம்மீது பாயும் ஆணைகளின் பெயர்கள் வரிசையாக வரும். தம்பி தட்டிப் பார்த்தார். வந்தது பாதிதான். ஊழியரைக் கட்டும் ஆணைகள் தெரிந்தன. பெட்டியைக் கட்டும் ஆணைகளைக் காண நிர்வாகி உரிமை வேண்டுமாம். சில அலுவலகங்களில் அந்தக் கருப்புத் திரையே திறக்காது. அதைத் தடுக்கவும் ஓர் ஆணை உண்டு!

சென்ற ஞாயிறு தம்பி படிப்பகத்துக்கு வந்தார். கையில் ஒரு மனு. கீழே இருபத்திரண்டு கையெழுத்து. கடவுச்சொல் காலாவதியை நீக்குக. மக்களைச் சந்திக்கும் மேசைகளில் திரை பூட்டும் நேரத்தை ஐந்திலிருந்து பத்து நிமிடமாக்குக. அணைத்து எழுப்பும் வேலையை அலுவல் நேரத்துக்கு அப்பால் வைக்குக. ஆணைகளின் பட்டியலைத் தமிழில் எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டுக. பென் டிரைவைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. "அது நீங்க சொன்னது சரிதாண்ணே" என்றார்.

"அதிகாரி வாங்குவாரா, தம்பி?"

"அவரும் கையெழுத்துப் போட்டிருக்காருண்ணே. பதினாலாவது பேரைப் பாருங்க."

பார்த்தேன். போட்டிருந்தார். மனுவில் இரண்டு எழுத்துப்பிழை இருந்தது, திருத்திக் கொடுத்தேன். திங்கட்கிழமை காலை தலைமை அலுவலகத்துக்குப் போகிறது.